தஞ்சாவூருக்கு ஒரு நாள் போதுமா?

திருகோணமலையிலிருந்து அம்மாவுடன் திருச்சி போகிறீர்கள், தஞ்சாவூருக்கு ஒரு நாள் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய கோயிலை ஆறுதலாகப் பார்ப்பதுதான் நோக்கமென்றால், போதும்.

திருச்சியிலிருந்து விடியற்காலை பஸ்ஸிலேயே புறப்பட்டுவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் முற்றத்துக் கல் கொதிக்கும். செருப்பில்லாத கால் நிழல் தேடி ஓடும். அம்மாவுக்கு ஒரு சோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த கோயில் இது. சுமார் 66 மீற்றர் உயர விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள், நன்றாகவே விழும்.

அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும், குனிந்து விமானத்தின் அடித்தளத்தைப் பாருங்கள். விரலால் தடவிப் படிக்கும் உயரத்தில் வரிவரியாகத் தமிழ் எழுத்து. கோயிலுக்கு வருமானம் தந்த ஊர்களை அடுக்கும் கல்வெட்டில் ஈழத்து ஊர்களும் உண்டு. கொட்டியாரம் என்ற பெயரும் வருகிறது. மூதூருக்குப் படகேறும்போது நாம் கடக்கும் குடாவின் பெயரும் அதுதானே! கோணேசர் கோயில் வாசலில் வளர்ந்த நமக்கு அந்த ஒரு சொல்லே பயணச் செலவுக்கு ஈடு.

நண்பகலில் சந்நிதி நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தை அரண்மனையில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.