திரைப்படப் பள்ளிக்கு விண்ணப்பிக்க விலையுயர்ந்த கேமரா வேண்டுமா?

கேள்வி: ஆறாம் படிவத்தில் பயிலும் என் மகள், பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்ததும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப்பள்ளியில் திரைப்படம் பயில விண்ணப்பிக்க விரும்புகிறாள். உயர்ரகக் கேமராவும் ஒளிப்பதிவாளரும் அமர்த்திக் குறும்படம் எடுத்துத் தர வேண்டுமா?

– ஒரு தாய், பிறை, பினாங்கு

பதில்: வேண்டாம், அம்மா. ஒளிப்பதிவாளரை அமர்த்தினால் படத்தில் தெரிவது அவருடைய பார்வையாகத்தான் இருக்கும். தேர்வுக் குழுவினர் காண விரும்புவது உங்கள் மகளின் பார்வையை. கைப்பேசியில் எடுத்தாலும் போதும். இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஊர் எழும் நேரத்தில் உறங்கச் செல்லும் பெண்கள் பிறையில் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவரின் ஒரு காலைப்பொழுதை, அவருடைய சம்மதத்துடன், பின்னணி இசையால் நிரப்பாமல், பொறுமையாகப் பதிவு செய்யட்டும். இதை நான் ஆணித்தரமாகச் சொல்வதற்குக் காரணம், வேறெங்கோ பார்த்த சண்டைக் காட்சியைத் திரும்ப எடுப்பவர்கள் ஏராளமாக இருக்க, தான் வாழும் தெருவை உற்றுப் பார்ப்பவர்கள் அரிதாகவே இருக்கிறார்கள் என்பதுதான்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையிலும் இதே கவனம் தேவை. பிடித்த இயக்குநர்களின் பட்டியலும் ‘சிறு வயது முதலே கனவு’ என்ற வாசகமும் எல்லோரும் எழுதுவன. எதைப் பார்த்தபோது மனம் நின்றது, ஏன் நின்றது என்பதை அவளே எழுத வேண்டும். எழுதித் தருவதாகச் சொல்லும் முகவர்களை நாடவே வேண்டாம். படைப்புத் தொகுப்போடு கல்வித் தேர்ச்சியும் சேர்த்தே மதிப்பிடப்படுவதால், எஸ்.டி.பி.எம். படிப்பைத் தளர விடலாகாது.

ஒரே பள்ளியை நம்பியிருப்பதும் சரியன்று. கூச்சிங்கில் பிறந்து தைவானில் பயின்ற இயக்குநர் சாய் மிங் லியாங், 1994-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றார். கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா கலைக் கல்விக்கழகத்திலும் திரைப்படத் துறை உண்டு, அங்கும் விண்ணப்பிக்கட்டும்.

பணத்தைப் பற்றி இப்போதே பேசிவிடுங்கள். அமெரிக்கக் கூட்டரசின் மாணவர் உதவி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காது. பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து என்ன தரும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்ற உறுதிமொழியோடு அனுப்பும் முன்முடிவு விண்ணப்பமும் அங்கு உண்டு. கட்டணத்திற்கு வழி தெளிவாகாத நிலையில் அதில் கையொப்பமிடாமல், வழக்கமான சுற்றிலேயே விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.