சான்றிதழ் சுவரில், பூட்டு கதவில்

கே: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அலுவலக வேலை பார்க்கிறேன். பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் சோதனை, வருகிறது என்றால் ஒரு வாரம் முன்பே இன்னொரு வருகைப் பதிவேடு எழுதச் சொல்வார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடியதெல்லாம் அதில் ஒரு ஷிப்ட் ஆகிவிடும். "எழுதாவிட்டால் ஆர்டர் போய்விடும், இத்தனை குடும்பம் என்ன செய்யும்?" என்கிறார் முதலாளி. நான் செய்வது தப்பா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

தப்புதான். உங்கள் மனசுக்கு அது தெரிந்திருப்பதால்தான் எழுதிக் கேட்கிறீர்கள். ஆனால் அந்தப் பழியை முழுக்கப் பேனா பிடித்தவர் தலையில் கட்டுவதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்று ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை இருந்தது. 2012 ஆகஸ்டில் அதற்கு எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்தது, அதாவது தொழிலாளர் நலன், பாதுகாப்பு எல்லாம் சரியாக இருக்கிறது என்று. செப்டம்பர் 11ஆம் தேதி அங்கே தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அங்கிருந்து பெரும்பகுதி சரக்கை வாங்கிய கிக் என்ற ஜெர்மன் நிறுவனம், நாலு வருஷம் கழித்து, 2016இல்தான், 50 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அந்தச் சான்றிதழை நம்பி ஒரு தொழிலாளியாவது நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் பதிவேடும் அந்த மாதிரிக் காகிதம்தான். ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கை மெஷினில் மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் எழுதிய கணக்குப்படி அந்த நேரத்தில் அவர் கம்பெனியிலேயே இல்லை. நாளைக்கு அவர் இழப்பீடு கேட்டுப் போனால் எந்தப் பதிவேட்டைக் காட்டுவார்? கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் சொல்கிறது, அதுவும் அந்தப் பக்கத்திலேயே காணாமல் போகிறது.

சரி, முதலாளி ஏன் இதைச் செய்யச் சொல்கிறார்? சாம்பிளுக்கு ஒப்புதல் தர மூன்று வாரம் இழுத்துவிட்டு, ஷிப்மென்ட் தேதியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன் என்று நிற்கிற பையர்கள் இருக்கிறார்கள். பீஸுக்குச் சில சென்ட் குறைத்துக் கேட்கும் அதே கம்பெனிதான் தன் செலவில்லாமல் ஆடிட்டரையும் அனுப்பி, ராத்திரி வேலை நடக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. விலையும் தேதியும் அவர்கள் வைத்தது, அப்படியிருக்க அந்த ராத்திரி வேலையில் அவர்களுக்குப் பங்கில்லை என்றால் எப்படி? முதலாளியிடம் நிஜக் கணக்கையும் ஒப்புதல் தாமதமான மெயில்களையும் சேர்த்தே பையர் முன் வைக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்காமல் போகலாம், வேலை போகிற பயம் உங்களுக்கும் இருக்கும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆடிட்டர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் வாயால் ஒரு பொய்யும் சொல்லிவிடாதீர்கள்.

கே: 399 ரூபாய்க்கு டி-ஷர்ட் வாங்கினேன். உள்ளே 'மேட் இன் பங்களாதேஷ்' என்று இருந்தது. வாங்கியதே பாவம் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். இனிமேல் வாங்காமல் இருப்பதுதான் நியாயமா?
– எஸ்.வி., ஈரோடு

உங்கள் மகளின் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது, முடிவு பிடிக்கவில்லை. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர் என்ற இடத்தில், 2013 ஏப்ரல் 24 காலையில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன, மேலே தைக்கிறவர்களை மட்டும் சம்பளத்தைப் பிடிப்போம் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண்கள் யாரும் எங்கள் நாட்டுத் துணியை வாங்காதீர்கள் என்று கேட்கவில்லை. வேலை வேண்டும், உயிரோடு வீடு திரும்பவும் வேண்டும் என்றார்கள்.

அடுத்த மாதமே தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் ஒன்று வந்தது, போகப்போக 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் அதில் சேர்ந்தன. மீறினால் பிராண்டையே சட்டப்படி இழுக்கலாம் என்பதுதான் அதில் புதுசு. தீத்தடுப்புக் கதவுகள் வந்தது, தூண்கள் பலப்பட்டது எல்லாம் அந்தப் பயத்தினால்தான், எந்தச் சான்றிதழாலும் இல்லை. ஆகவே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மகளை, தான் வாங்கும் பிராண்ட் எந்தத் தொழிற்சாலையில் தைக்கிறது என்று பட்டியல் வெளியிடுகிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுதிக் கேட்கட்டும்.

கே: பிராண்டையே சட்டப்படி கட்டிப்போடும் ஒப்பந்தமெல்லாம் நம் ஊரில் நடக்குமா?
– ரா.கு., நத்தம்

உங்கள் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறதே! 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு, பெரும்பாலும் தலித் பெண்கள் நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்று, 2022 ஏப்ரலில் அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்ற வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. சாதியின் பெயராலோ பெண் என்பதாலோ யாராவது தொல்லை கொடுத்தால், பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி பெற்ற தொழிலாளியே அதைக் கவனித்து மேலே கொண்டுபோவது என்பதுதான் அந்த ஏற்பாடு. ஆடிட்டர் வருஷத்துக்கு ஒரு நாள் வருவார், பக்கத்து மெஷின் தொழிலாளி தினமும் அங்கே இருப்பார்.