ஹெட்டைக் கழற்றாமல் வால்வ் சீல்: எந்த டூலுக்குப் பணம் போடலாம்?

கேள்வி: 1998 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். அப்பா வாங்கிய வண்டி, விற்க மனம் வரவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் நீலப் புகை வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. வால்வ் சீல் போய்விட்டது, ஹெட்டை இறக்கித்தான் ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்காமலே மாற்றலாம் என்று கேள்விப்பட்டேன். ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். என்னென்ன டூல்ஸ் வாங்க வேண்டும்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: மாற்றலாம். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் உட்கார்ந்திருக்கும், வால்வ்கள் இருக்கும் பகுதி; சீல் என்பது வால்வ் தண்டு வழியாக எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் சின்ன ரப்பர் மூடி. ஆனால் டூல்ஸ் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், போனது சீல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்தே இதைச் சோதிக்கலாம். கொடைக்கானல் போய்விட்டு வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் கியரிலேயே இறங்குவீர்கள் இல்லையா, அப்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் பலமாக இழுக்கும், சீல் கெட்டிருந்தால் மேலேயிருக்கும் எண்ணெய் வால்வ் தண்டு வழியாக உள்ளே இறங்கிச் சேரும். கீழே வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் குப்பென்று நீலப் புகை வந்தால் சீல். மேலே ஏறும்போது, லோடு இழுக்கும் நேரம் முழுக்கப் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கம் சந்தேகப்படுங்கள். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் காட்டும் மீட்டர்) போட்டுப் பார்த்து, குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, அப்படியென்றால் சீல் மாற்றிப் பெரிய பயன் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளம், அதாவது ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் புகைவது, சீல் என்றுதான் சொல்கிறது.

இப்போது டூல்ஸ். எல்லோரும் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, வால்வைக் கீழே விழாமல் எதை வைத்துப் பிடிக்கப் போகிறீர்கள் என்பது. ஸ்பிரிங்கும் அதன் தலையில் இருக்கும் இரண்டு சின்ன லாக்கும்தான் வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. அவற்றை எடுத்த பிறகு கீழே தாங்க ஒன்றும் இல்லையென்றால் வால்வ் சிலிண்டருக்குள் போய்விடும், அப்புறம் ஹெட்டை இறக்குவதைத் தவிர வழி கிடையாது.

பிடிக்க இரண்டு வழி. ஒன்று, காற்று. ஸ்பார்க் பிளக் ஓட்டையில் 14 மி.மீ. அடாப்டர் மாட்டி கம்ப்ரஸரிலிருந்து காற்று விட்டால் வால்வ் தானாக மேலே ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரஷன் கேஜுடன் வரும் ரப்பர் ஹோஸையே இதற்குப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் பிளக் முனைக்குள் டயர் வால்வில் இருப்பது போன்ற ஒரு சின்ன ஊசி இருக்கும், அதைத் திருகி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ளே போகாது. இந்த என்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மி.மீ. என்பதால் 80 பி.எஸ்.ஐ. காற்று விட்டால் பிஸ்டன் மேல் சுமார் 200 கிலோ விசை விழும். பிஸ்டன் சரியாக உச்சியில் இல்லாமல் கொஞ்சம் விலகியிருந்தாலும் கிராங்க் சட்டென்று சுற்றிவிடும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவிட்டுக் காற்றைத் திறந்தவர்களின் கை உடைந்துவிடும், இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வண்டியை டாப் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்பேனரை எடுத்த பிறகுதான் காற்று.

இன்னொரு வழி, கயிறு. துணி காயப்போடும் பின்னல் நைலான் கயிறு, 6 மி.மீ. கனம், ஒன்றரை மீட்டர் நீளம். முனையை நெருப்பில் உருக்கிக்கொள்ளுங்கள், உள்ளே நூல் பிரியக்கூடாது. தேங்காய் நார்க் கயிறும் பருத்திக் கயிறும் கூடவே கூடாது. வெளி முனையில் பெரிய முடிச்சுப் போடுங்கள், முழுக்க உள்ளே போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு. பிஸ்டன் கீழே இருக்கும்போது கயிற்றைப் பிளக் ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிட்டு, கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் கயிறு சுருண்டு இரண்டு வால்வையும் அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும். சுற்ற முடியாமல் நின்றதும் நிறுத்துங்கள், மேலும் அழுத்தினால் வால்வ் வளையும். இதைச் செய்யும் முன் வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர்களைக் கழற்றியிருக்க வேண்டும், திறந்திருக்கும் வால்வ் மேல் கயிற்றை அழுத்தக்கூடாது.

வீட்டில் செய்பவர்களுக்கு நான் கயிற்றைத்தான் சொல்வேன், அதற்கு என் அனுபவமே காரணம். பல வருடம் முன்பு ஒரு பட்டறையில் இரவல் கம்ப்ரஸர் வைத்து இதே வேலை செய்துகொண்டிருந்தேன். ஐந்தாவது வால்வில், லாக்கை எடுத்து ஸ்பிரிங்கைக் கையில் வைத்திருந்த நேரம் ஹோஸ் கப்ளர் கழன்றுகொண்டது, வால்வ் உள்ளே போய்விட்டது. அன்று மாலைக்குள் முடிய வேண்டிய வேலை நான்கு நாள் ஆனது, வண்டிக்காரர் அந்த நான்கு நாளும் பஸ்ஸில் வேலைக்குப் போனார். கயிற்றுக்குக் கரன்ட் போகாது, கப்ளர் கழலாது. காற்றுதான் வசதி என்றால், தண்டின் நுனியில் இறுக்கமான ரப்பர் டியூப் துண்டு ஒன்றை மாட்டிவையுங்கள், சீலை உருவும் அந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது வால்வைக் காப்பாற்றும்.

சரி, ஸ்பிரிங் கம்ப்ரஸர். கடையில் முதலில் எடுத்து நீட்டுவது சி வடிவக் கிளாம்ப்பாக இருக்கும். அது வேண்டாம், அதன் ஒரு கால் வால்வின் அடிமுகத்தில் உட்கார வேண்டும், ஹெட் வண்டியிலேயே இருக்கும்போது அது நடக்காது. ராக்கர் ஷாஃப்ட்டுகளின் திருகுகளை எடுத்து ஷாஃப்ட்டுகளை உருவிவிட்டால் (எந்த ராக்கர் எங்கே இருந்தது என்று வரிசையாக அட்டையில் குத்திவையுங்கள், இரண்டு ஷாஃப்ட்டையும் மாற்றிவிடாதீர்கள்) ஸ்பிரிங் வெளியே தெரியும், அதனால் நெம்புகோல் வகை போதும். ஹெட்டின் மேல் இருக்கும் போல்ட் ஓட்டைகளில் ஒரு கனமான பட்டையை மாட்டி, அதை முட்டுக் கொடுத்து நெம்பும் கம்பி, கம்பியின் முனையில் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிய குழாய்த் துண்டு. அந்த ஜன்னல் வழியாகத்தான் லாக்கை எடுப்பதும் போடுவதும். லேத் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். சுத்தியலால் தட்டினால் லாக்கைக் காந்தம் பிடித்துக்கொள்ளும் ஒரு வகையும் உண்டு. கழற்றும்போது வேகமாக இருக்கும். ஆனால் அதைக் கயிற்றோடு மட்டும் பயன்படுத்துங்கள், காற்றோடு வேண்டாம், அடிக்கிற அடியில் வால்வ் ஒரு கணம் திறந்து காற்று வெளியேறும். எந்தக் கருவியானாலும் முதலில் ஸ்பிரிங் தலையில் ஒரு சாக்கெட்டை வைத்து லேசாக ஒரு தட்டு தட்டி, பல வருடமாக ஒட்டிக்கிடக்கும் லாக்கை இளக்கிக்கொள்ளுங்கள்.

காசு போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, சீல் பிளையர். நல்லதாக வாங்குங்கள். சாதா நோஸ் பிளையரால் இழுத்தால் வழுக்கும், வழுக்கினால் வால்வ் தண்டில் கீறல் விழும், கீறல் விழுந்த தண்டு புது சீலின் உதட்டை அறுத்துவிடும். பிளையரால் பிடித்து இடமும் வலமும் திருகித் திருகி மேலே இழுக்க வேண்டும். புது சீல் போட, அளவு சரியான ஆழ சாக்கெட் ஒன்று போதும், சீலின் உலோக வளையத்தின் மேல் உட்கார வேண்டும், ரப்பரில் படக்கூடாது. தண்டின் நுனியில் லாக் உட்காரும் பள்ளம் கூர்மையாக இருக்கும், சீல் பெட்டியில் பிளாஸ்டிக் உறை வந்தால் அதை மாட்டி, எண்ணெய் தடவி, அதன் மேல் சீலை இறக்குங்கள். உறை இல்லையென்றால் இளநீர்க் கடை ஸ்ட்ராவை வெட்டி மாட்டலாம். இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் வேறு வேறு சீலா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். விட்டான் ரப்பர் கிடைத்தால் அதை வாங்குங்கள், நைட்ரைலை விடச் சூட்டை அதிகம் தாங்கும்.

அப்புறம், பேனா மாதிரி நீளும் காந்தம், லாக்கை ஒட்டவைக்கக் கொஞ்சம் கிரீஸ், எண்ணெய் இறங்கும் ஓட்டைகளை எல்லாம் அடைக்கத் துணி. துணியை எண்ணி அடையுங்கள், எண்ணி எடுங்கள். சீல் இல்லாத நேரத்தில் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கையிலேயே நன்றாக ஆட்டம் தெரிந்தால் கைடு (தண்டு ஓடும் குழாய்) தேய்ந்திருக்கிறது, புது சீல் வெகுநாள் நிற்காது, அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி.

கேள்வி: என் கார் இரண்டு கேம்ஷாஃப்ட், 16 வால்வ். அதற்கும் இதே நெம்புகோல் போதுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: போதாது. கேம் நேராக பக்கெட்டை (ஸ்பிரிங் மேல் கவிழ்ந்திருக்கும் கிண்ணத்தை) அழுத்தும் என்ஜின் என்றால் ஸ்பிரிங் ஆழமான குழிக்குள் இருக்கும், நெம்பினால் குழியின் சுவரில் கீறும், பக்கெட் ஓடுகிற சுவர் அது. உங்களுக்குப் பாலம் வகை வேண்டும். கேம் கேப் போல்ட் ஓட்டைகளில் மாட்டுகிற நீளமான பட்டை, அதிலிருந்து நேராகக் கீழே இறங்கும் ஒல்லியான குழாய். வாங்கும் முன் பக்கெட் குழியின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, குழாய் அதற்குள் நுழையுமா என்று பாருங்கள். பக்கெட்டுகளை எண் போட்டு வையுங்கள், இடம் மாறினால் கேமுக்கும் பக்கெட்டுக்கும் உள்ள கிளியரன்ஸ் (இடைவெளி) எல்லாம் மாறிவிடும். டைமிங் செயினையோ பெல்ட்டையோ கழற்றும் வேலையும் சேர்ந்து வருவதால், அதில் பழக்கம் இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: அம்பாசடர், பழைய 1489 சி.சி. பெட்ரோல். கயிறு முறையில் செய்யலாமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: உங்களுக்கு நான் ஹெட்டை இறக்கச் சொல்வேன். இந்த பி.எம்.சி. என்ஜினில் ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட் ஸ்டட்டிலேயே மாட்டியிருப்பவை. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் ஒரு பக்கம் இழுத்துக் கோணிக்கொள்ளும், ஆகவே தண்ணீரை வடித்து எல்லா ஹெட் நட்டையும் வரிசைப்படி இளக்க வேண்டும். கேஸ்கெட்டின் பிடி அப்போதே போய்விடுகிறது. அவ்வளவு தூரம் வந்த பிறகு ஹெட்டைத் தூக்கிவிட்டால் வால்வ் கிரைண்டிங்கும் செய்யலாம், கைடையும் பார்க்கலாம். உங்களுக்கு அந்த சி கிளாம்ப் போதும்.

கேள்வி: டீசல் வண்டிக்கு?
– நாமக்கல் வாசகர்

பதில்: டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை, ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் குளோ பிளக்தான் உண்டு, அதன் ஓட்டையில் கயிறு நுழையாது. ஆனால் பல டீசல் என்ஜின்களில் வால்வ் செங்குத்தாக நிற்கும், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு, வால்வ் பிஸ்டன் தலையிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிஸ்டனைச் சரியாக உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் லாக்கைத் தொட வேண்டும்.