எந்த மூலையிலிருந்து அளந்தாலும்

ஐயா,

இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு வடக்கு மாசி வீதியில். அப்பாவுக்கு வாடிப்பட்டி பக்கம் வயல் இருக்கிறது. எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று கற்பனையாக இரண்டு கோடுகளை நாமே போட்டுக்கொள்கிறோம். இயற்கையில் அப்படி எதுவும் இல்லை. பிறகு அந்தக் கணக்கு உலகத்துக்கு எப்படிப் பொருந்துகிறது? இந்த அச்சுக் கணக்கை வகுத்த பிரெஞ்சு அறிஞர் டேகார்ட்டுக்கு முன்பே நம்மவர்கள் இதை அறிந்திருந்தார்களா? நல்ல நூல் ஒன்று சொல்லுங்கள்.

ஒரு மாணவர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

யார் முதலில் என்பதை விட்டுவிடுங்கள். டேகார்ட்டின் நூல் 1637இல் வந்தது. அதே காலத்தில் ஃபெர்மா என்ற கணித அறிஞரும் தனியாக அந்த வழிக்கு வந்து சேர்ந்திருந்தார். அதற்கு மேல் அந்தச் சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை.

'கற்பனை' என்று எழுதியதுதான் உறுத்துகிறது. வடக்கு மாசி வீதியில் குடியிருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? மீனாட்சி கோயிலை ஆதிப்புள்ளியாக வைத்துச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதி வீதியாக விரிந்த ஊர் இது. மாசி என்றால் எவ்வளவு தள்ளி என்பதும், வடக்கு என்றால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடுகிறது. கோயில் அங்கே நிற்பதால்தான் அந்த இரண்டு சொற்களுக்கும் பொருள்.

கல்லூரியில் கரும்பலகையின் நடுவே ஒரு புள்ளி வைத்து, இதுதான் ஆதி என்று தொடங்கிவிடுகிறார்கள். அதை மண்ணில் எங்கே ஊன்றுவது என்று அவர்கள் சொல்வதில்லை. நீங்களும் கேட்கவில்லை. அது உங்கள் தவறு.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது செக்கானூரணி பக்கம் எங்கள் நிலம் பாகப்பிரிவினைக்கு வந்தது. பொதுக்கிணறு ஒன்று எப்போதோ தூர்ந்துபோயிருந்தது. அது யார் பாகத்தில் விழுகிறது என்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சே நின்றுபோயிற்று. சர்வேயர் பழைய புலப்படத்தோடு, அதாவது நிலத்தின் அளவுகளைக் குறித்த படத்தோடு, வந்தார். வந்தவர் சங்கிலியைப் பிரிக்கவே இல்லை. "முதலில் கல்லைக் காட்டுங்கள்" என்றார். அரை நாள் தேடினோம். சீமைக் கருவேல முள்ளை வெட்டி, கறையான் புற்றை இடித்து, அப்பா மண்வெட்டியால் சுரண்டியபோது 'ணங்' என்று ஒரு சத்தம். எல்லைக்கல். அதுவரை அந்தப் புலப்படம் வெறும் காகிதம்.

அந்தக் கல்லிலிருந்து எதிர்மூலைக் கல்லுக்குச் சங்கிலி இழுத்தார்கள். 66 அடிச் சங்கிலி, நூறு லிங்க். மூலைவிட்டம் 531 லிங்க். "இருநூற்றுப் பத்தில் வலது பக்கம் முப்பது" என்று படித்தார் சர்வேயர். மூலைவிட்டத்தில் 210 லிங்க் போய், அங்கிருந்து செங்குத்தாக 30 லிங்க் விலகிய இடம். அங்கே குச்சியை நட்டுத் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் கிணற்றுச் சுவரின் கல் தட்டுப்பட்டது.

பெரியப்பா ஒப்பவில்லை. "உன் மூலையிலிருந்து அளந்தால் உனக்குத் தோதாகத்தான் வரும். என் மூலையிலிருந்து அளக்கச் சொல்" என்றார். நீங்கள் எழுதியிருப்பதும் இதே சந்தேகம்தான். சர்வேயர் முகம் சுளிக்கவில்லை. எதிர்க்கல்லுக்குப் போய் அங்கிருந்து தொடங்கினார். இப்போது 321, இடது பக்கம் முப்பது. எண் மாறிவிட்டது, வலம் இடமாகிவிட்டது. ஆனால் குச்சி வந்து நின்றது நாங்கள் தோண்டி வைத்திருந்த அதே குழியில். பெரியப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி, 210, 321 என்ற எண்கள் நம் ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். 531இலிருந்து ஒன்றைக் கழித்தால் மற்றது வருகிறதே, அது யாருடைய ஏற்பாடு? கல்லுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம் யாருடைய கற்பனை? அச்சைத் திருப்பும்போது எண்கள் எப்படி மாறுகின்றன, எது மாறாமல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் உங்கள் இயற்பியல். 1884இல் வாஷிங்டனில் கூடிக் லண்டனில் உள்ள கிரீனிச் வழியாகப் போகும் தீர்க்கக்கோட்டைப் பூஜ்யம் என்று முடிவு செய்தார்கள். இன்று அங்கே பதித்திருக்கும் கோட்டின்மேல் நின்று செல்பேசியைப் பார்த்தால் பூஜ்யம் வராது. சுமார் 102 மீட்டர் கிழக்கே நடக்க வேண்டும். அதற்காக லண்டன் இடம் மாறிவிடவில்லை.

நூல் கேட்டிருந்தீர்கள். முதலில் அப்பாவிடம் வாடிப்பட்டி வயலின் புலப்படத்தை வாங்குங்கள். விடுமுறையில் அவரோடு போய், கல் எங்கே என்று கேளுங்கள். முள் இருக்கும், செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.