ஆர்.சி. டிரக் ஜம்ப் முடிந்து இறங்கும்போது பின்பக்கம் எகிறிக் கவிழ்கிறது. பின் ஷாக் அப்சார்பரை எப்படி டியூன் செய்வது?

வண்டி எது என்று கேள்வியில் இல்லை. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் டூ வீல் டிரைவ் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும்) டிரக் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே என் வண்டியின் கதை. இந்நேரம் யாராவது உங்களிடம் "அலுமினியம் ஷாக் வாங்கிப் போடுங்க, எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லியிருப்பார்கள். இதைப் படித்து முடிக்கும் வரையாவது வாங்காதீர்கள்.

என்னுடையது டிராக்ஸஸ் ஸ்லாஷ். மூன்று வருடத்துக்கு முன் மதுரையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சமதளத்தில் நன்றாகவே ஓடியது. ஒரு முழ உயர மேட்டில் ஏற்றி இறக்கினால் போதும், பின்பக்கம் தரையைத் தொட்டதும் உதைத்துக்கொண்டு மேலே போகும், மூக்கு மண்ணில் குத்தும், குட்டிக்கரணம். பாகங்கள் விற்கும் ஒருவரிடம் கேட்டேன். வண்டியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, அலுமினியம் ஷாக் செட் ஒன்றை எடுத்து நீட்டினார். ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். வீட்டுக்கு வந்து அப்படியே மாட்டினேன். முன்பைவிட மோசமாக எகிறியது. பிறகு திறந்து பார்த்தால் உள்ளே எண்ணெய் கால்வாசிகூட இல்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இந்தப் பதிலே எழுதுகிறேன்.

பழைய ஷாக்குகளையே திரும்ப மாட்டினேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் போனைக் கொடுத்து, தரையோடு தரையாக வைத்து ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொன்னேன். நான் நாலு முறை பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள்தான், "அப்பா, பின்னாடி ரெண்டு வீலும் ஒண்ணா எழும்பலப்பா. இடது பக்கம் முதல்ல எழும்புது" என்றாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இடது சக்கரம் முந்திக்கொண்டது, அதன் பிறகே வலது.

அன்று ராத்திரியே இரண்டு பின் ஷாக்கையும் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அமுக்கினேன். வலது ஷாக் ஒரே சீராக இறங்கியது. இடது ஷாக் முதல் பாதி வரை காற்றில் போவதுபோல லேசாகப் போனது, அப்புறம் 'களக்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகுதான் எதிர்ப்பு. மூடியைத் திறந்தேன். வலதில் இருந்த சிலிக்கான் எண்ணெய் பழசாகிச் சாம்பல் நிறமாகியிருந்தது, அவ்வளவுதான். இடதில் இருந்தது மெல்லிய மஞ்சள் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வாசம். முன்பு வைத்திருந்தவர் எண்ணெய் குறைந்தபோது கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார். அடியில் இருந்த சிலிக்கான் ரப்பர் ஓ-ரிங் அதில் ஊறி உப்பிப்போயிருந்தது. பெட்ரோலிய எண்ணெயில் அந்த ரப்பர் உப்பும். இந்த ஷாக்குகளுக்குச் சுத்தமான சிலிக்கான் எண்ணெய் மட்டும்தான்.

ஓ-ரிங் மாற்றினேன். பழைய எண்ணெயை டிஷ்யூ பேப்பரால் துடைத்தெடுத்தேன். பிஸ்டனைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு விளிம்பு வரை எண்ணெய் ஊற்றி, பிஸ்டன் எண்ணெய்க்கு மேலே வராதபடி மெதுவாக ஏற்றி இறக்கினேன். பிஸ்டனில் உள்ள ஓட்டைகள் வழியாகக் கடுகு அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். அவசரப்பட்டு வேகமாக அடித்தால் எண்ணெய் நுரைத்துப் பால்போல ஆகிவிடும். பத்து நிமிடம் நிற்க வைத்தேன், திரும்பவும் இரண்டு முறை மெதுவாக அசைத்தேன். குமிழி நின்றதும் மேலே மறுபடி நிரப்பி, மூடியைப் பாதி திருகி, தண்டை மெதுவாக உள்ளே தள்ளி, மிச்ச எண்ணெய் வழிந்த பிறகு முழுசாக இறுக்கினேன். இரண்டு ஷாக்கையும் மறுபடி பக்கத்தில் வைத்து அமுக்கிப் பார்த்து, ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி திரும்பும் வரை விடவில்லை. வலது இடது ஒத்துப்போகாமல் வேறு எதை மாற்றினாலும் வீண்.

அடுத்தது எண்ணெயின் கனம். அதை 'வெயிட்' என்ற எண்ணில் சொல்வார்கள், எண் கூடினால் எண்ணெய் கெட்டி. ஸ்லாஷுக்குக் கம்பெனி நிரப்பித் தருவது 30 வெயிட். நான் 40 போட்டேன். காரணம் மதுரை வெயில். எண்ணெயின் பாகுத்தன்மையை 25 டிகிரியில் அளந்துதான் குறிப்பார்கள். 40 டிகிரிக்குப் போனால் அது ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும். மே மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்குக்கூட இங்கே மண் சுடும். வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால், பாட்டிலில் செண்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) அளவு இருந்தால் அதையே பாருங்கள். டீம் அசோசியேட்டட் எண்ணெயில் 30 வெயிட் என்பது 350, 40 வெயிட் என்பது 500.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணெய் நீர்த்திருந்தாலும் பின்பக்கம் எகிறும், ரொம்பக் கெட்டியாக இருந்தாலும் எகிறும். நீர்த்திருந்தால் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்துவைக்க ஆள் இல்லாமல் வண்டி இரண்டு மூன்று முறை குதிக்கும். கெட்டியாக இருந்தால் பிஸ்டன் ஓட்டை வழியாக எண்ணெய் போக நேரமில்லாமல் ஷாக் கட்டைபோல நின்றுவிடும், 'டக்' என்று ஒரே ஒரு உதை. ஆசையில் நானும் 50 போட்டுப் பார்த்தேன். பெரிய ஜம்ப் நன்றாக இருந்தது, சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் பின்பக்கம் கொத்திக்கொண்டே போனது. 40-க்கே திரும்பிவிட்டேன்.

ஸ்பிரிங்குக்கு மேலே ஷாக்கில் மாட்டும் ப்ரீலோட் கிளிப்பைப் பலரும் ஸ்பிரிங்கைக் கடினமாக்கும் என்று நினைக்கிறார்கள். அது வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். பேட்டரியோடு வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சமமாகப் போடுங்கள். குதிக்காமல் உட்கார வேண்டும், பின் சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் கைகள் தரைக்கு ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும். ஷாக்கின் மேல் நுனியை உள்பக்க ஓட்டைக்கு மாற்றிச் சாய்த்தால் ஆரம்பத்தில் மிருதுவாகும். நிமிர்த்தினால் விறைப்பாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

போட்டியில் ஓட்டுபவர்கள் இதைப் படித்தால் பிஸ்டன் ஓட்டைக் கணக்கு எங்கே, ஸ்பிரிங் ரேட் எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் கேட்டவர் தெரு முனையில் ஓட்டுபவர் என்றே நினைக்கிறேன், நானும் அப்படித்தான். "இந்த வயசுல பொம்மைக் காரா" என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று: என் மகள் பள்ளியில் ஸ்பிரிங், ஆற்றல் என்று படித்ததைக் கையில் பிடித்துப் பார்த்தது இந்த வண்டியில்தான்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஓட்டிய பொட்டல் இப்போது இல்லை. வலை கட்டி, பச்சைப் பாய் விரித்து டர்ஃப் ஆக்கிவிட்டார்கள், ஒரு மணி நேரத்துக்கு எண்ணூறு ரூபாய். அங்கே கபடி ஆடிய பையன்கள் இப்போது வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். மண் தரை என்றாலே சும்மா கிடக்கும் இடம் என்று எப்படி முடிவு செய்கிறார்களோ தெரியவில்லை. நாங்கள் இப்போது நாலு கிலோமீட்டர் தள்ளிப் போய் ஓட்டுகிறோம்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். ஷாக்கைக் கழற்றும் முன் ஒன்று: காற்றில் இருக்கும்போது பிரேக் பிடித்தாலோ ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ மூக்கு தானாகவே கீழே போகும். லேசாகக் கொடுத்தபடியே ஒரு முறை இறக்கிப் பாருங்கள். அப்படியும் எகிறினால் ஸ்லோ மோஷனில் எடுத்து, எந்தச் சக்கரம் முதலில் எழும்புகிறது, எத்தனை முறை குதிக்கிறது என்று கீழே எழுதுங்கள்.