பொய்யிலா வாழ்ந்தேன்?

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்று என் ஊர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா உபதேசியாராக, சபையில் வேதம் கற்றுக்கொடுப்பவராக, இருந்தவர். எனக்கு வயது 31, சென்னையில் வேலை பார்க்கிறேன்.

நான்கு வருஷங்களாக எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கோடையில் கிணறு வற்றுவதுபோல மெல்ல மெல்லப் போனது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. கடந்த கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் ஏதோ கேட்க, வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் தீவிரமாக இருப்பவர். "உட்கார், பேசிப் பார்ப்போம்" என்றார். இரவு ஒரு மணி வரை பேசினோம். இயேசுவை வளர்த்த யோசேப்பின் தகப்பன் மத்தேயு சுவிசேஷத்தில் யாக்கோபு, லூக்காவில் ஏலி, எது சரி என்று கேட்டேன். அவரிடம் பதில் இருந்தது. பரிணாமம், பிரபஞ்சத்தின் தொடக்கம் என்று எங்கெங்கோ போனோம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்படியானால் நான் இத்தனை வருஷம் பொய்யிலா வாழ்ந்தேன்?" மறுநாள் காலை அவர் சாப்பிடவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் போனில் "கோயிலுக்குப் போனாயா?" என்று கேட்கிறார். அண்ணன் தினமும் பிரசங்க வீடியோக்களை அனுப்புகிறார். ஊருக்குப் போனால் எல்லோரும் திருவிருந்துக்கு, அப்பமும் திராட்சரசமும் வாங்க, எழுந்து போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருக்க முடியாது. அம்மாவுக்காக எடுத்துவிடலாமா? விசுவாசியும் விசுவாசம் இல்லாதவரும் இதை மனம்விட்டுப் பேச முடியுமா, பேசாமல் இருப்பதுதான் நல்லதா? நீங்கள் கடவுள் மறுப்பாளர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

டி.,
சென்னை

*

அன்புள்ள டி.,

அன்றிரவு உங்கள் வீட்டில் பேசப்பட்டவற்றில் விஷயத்தின் நடுவில் போய் நின்ற வாக்கியம் உங்கள் அம்மாவுடையதுதான். நீங்களும் அண்ணனும் ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மாவின் காதில் விழுந்தது வேறு. உங்களுக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் முழங்காலில் நின்றது, தேர்வுக்கு முன்னால் உபவாசம் இருந்தது, உபதேசியாரின் மடியில் உட்கார்ந்து வேதாகமத்தின் சங்கீதம் படித்தது எல்லாவற்றையும் மேசையில் பரப்பி மகள் விலை கேட்பதாக அவருக்குப் பட்டிருக்கிறது. நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

விசுவாசம் என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். முதலாளிக்கு விசுவாசமானவன் என்கிறோம். நாய் விசுவாசமுள்ளது என்கிறோம். கைவிடாமல் இருப்பது, காட்டிக்கொடுக்காமல் இருப்பது என்ற பொருள் அதில் ஊறிக் கிடக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள பிஸ்டிஸ் என்ற சொல்லுக்கும் நம்பிக்கை, நம்பகம், பற்றுறுதி என்று இதே விரிவு உண்டு. ஆகவே "எனக்கு விசுவாசம் இல்லை" என்று நீங்கள் சொன்னபோது, "கடவுள் இருப்பதற்குப் போதிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை" என்பதைத்தான் சொன்னீர்கள். அம்மாவின் காதில் விழுந்ததோ, "நான் துரோகம் செய்துவிட்டேன்" என்பது. அவிசுவாசி என்ற சொல்லில் அந்த வாடை இன்றும் அடிக்கிறது. எங்கள் பக்கத்திலும் அதற்கு ஈடான ஒரு சொல் இருக்கிறது, மூடநம்பிக்கை. அதை உச்சரித்த உடனே எதிரில் இருப்பவர் மூடராகிவிடுகிறார். பிறகு அவர் எதற்காக நம்மோடு பேச வேண்டும்?

சாட்சி என்ற சொல்லும் அப்படித்தான். சபையில் ஒருவர் எழுந்து சாட்சி சொல்கிறார்: கடன் தீர்ந்தது, கட்டி கரைந்தது, குடித்துக்கொண்டிருந்த கணவர் திருந்தினார். கேட்பவர்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு சாட்சி என்றதும் நீதிமன்றக் கூண்டு ஞாபகம் வந்துவிடுகிறது. உடனே குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிடுகிறோம். கட்டி கரைந்தது மருந்தினால் இருக்கலாமே, கரையாதவர்கள் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? கேள்வியில் தவறில்லை. ஆனால் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரை நாம் கூண்டில் ஏற்றுகிறோம்.

சத்திய சோதனையில் காந்தி ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். 1891இல் சார்லஸ் பிராட்லா இறந்தபோது காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். கடவுள் பெயரிலான உறுதிமொழிச் சிக்கலால் தேர்தலில் வென்றும் ஆறு ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் முறைப்படி அமர முடியாமல் போராடிய நாத்திகர் பிராட்லா. இந்தியாவின் நண்பர் என்பதால் லண்டனில் இருந்த இந்தியர்களெல்லாம் அடக்கத்துக்குப் போனார்கள். சில பாதிரியார்களும் அஞ்சலி செலுத்த வந்திருந்தார்கள். திரும்பும்போது ரயிலுக்காகக் காத்திருந்த இடத்தில் ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரைப் பிடித்துக்கொண்டார். கடவுள் இருப்பதை நம்புகிறீர்களா? நம்புகிறேன் என்றார் பாதிரியார், தாழ்ந்த குரலில். பூமியின் சுற்றளவு 28,000 மைல் என்பதையும் ஒத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? ஆமாம். அப்படியானால் உங்கள் கடவுளின் அளவு என்ன, அவர் எங்கே இருக்கிறார்? நம் இருவர் இதயத்திலும் இருக்கிறார், அதை நாம் அறிந்தால் போதும் என்றார் பாதிரியார். என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்தீர்களா என்று நாத்திகர் சுற்றி நின்றவர்களை வெற்றிப் பார்வை பார்த்தார். பாதிரியார் பேசாமல் இருந்துவிட்டார். நாத்திகத்தின் மீது தனக்கு இருந்த வெறுப்பு அந்த உரையாடலால் இன்னும் கூடியது என்கிறார் காந்தி.

நாத்திகர் செய்தது யாருக்கும் தெரியும்படியான தவறு. அடக்கம் முடிந்து வருகிற இடத்தில், மாற்று நம்பிக்கை உள்ள ஒருவருக்கு மரியாதை செய்ய வந்தவரிடம், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஆனால் பலமுறை படித்த பிறகுதான் பாதிரியாரின் பதிலிலும் ஒன்று எனக்கு உறுத்தியது. 'நம் இருவர் இதயத்திலும்' என்றார். என் இதயத்தில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காமலே அவர் சொல்லிவிடுகிறார். "உனக்குள்ளேயும் அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், நீதான் காதை அடைத்துக்கொள்கிறாய்" என்று உங்கள் அண்ணனும் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் நாம் யோசித்து, அழுது, தூக்கம் கெட்டு வந்து சேர்ந்த இடத்தை அது ஒரே வாக்கியத்தில் இல்லாமல் செய்துவிடுகிறது.

இனி என் கதை. இதை நான் இதுவரை எழுதியதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக்காரன் ஒருவன் எனக்குக் கல்லூரி நாளிலிருந்து நண்பன். கடலோரக் கத்தோலிக்கக் குடும்பம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியில் அவனுடைய சித்தியும் அண்ணன் மகளும் போனார்கள். பழையாற்று முகத்துவாரத்தில் இருந்த பாலமே உடைந்து போயிருந்தது. ஜனவரியில் ஒரு நாள் வடசேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் அவனைப் பார்த்தேன். சட்டையில் பிளீச்சிங் பவுடர் வாடை. நகக்கண்களில் சுண்ணாம்பு வெள்ளை. பிணங்களைப் புதைக்கும் வேலையில் நாள்கணக்காக நின்றிருக்கிறான். நான் அப்போது போர்த்துகலின் லிஸ்பன் நகரப் பூகம்பத்தைப் பற்றிப் படித்து முடித்திருந்தேன். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த நேரத்தில் நகரம் இடிந்தது. அதை வைத்து பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் நீண்ட கவிதை ஒன்று எழுதினார். அதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "வேளாங்கண்ணிக்கு வந்த யாத்ரிகர்களையும் அல்லவா கடல் கொண்டுபோயிற்று, உங்கள் கடவுள் அன்றைக்கு எங்கே இருந்தார்?" என்று கேட்டேன்.

அவன் கண்ணாடித் தம்ளரைப் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான். தேநீரில் ஆடை படிந்துவிட்டது. பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்துக் காசை வைத்துவிட்டு எழுந்து போனான். ஆறு வருஷம் என்னோடு பேசவில்லை.

2011இல் மகள் முதன்முதலாகத் திருவிருந்து வாங்கும் புதுநன்மை விழாவுக்கு அவனே அழைத்தான். போனேன். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு, பந்தல் காலில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "நீ கேட்ட கேள்வியை உனக்கு முன்னாலேயே நான் கேட்டாயிற்று. குழிக்குப் பக்கத்தில் நின்றே கேட்டேன். நான் அவரிடம் கேட்டேன். நீ என்னிடம் கேட்டாய்." சிலுவையில் இயேசு கதறிய 'என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைநெகிழ்ந்தீர்' என்ற வரியைச் சொல்லித்தான் கேட்டதாகவும் சொன்னான். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கேள்வி சரியான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன், டி. இத்தனை துன்பத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பான கடவுள் ஒருவரை என்னால் ஏற்க முடியாது, அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு பழகியவன் நான் மட்டும்தான் என்று நினைத்தேன். அவனுடைய வேதத்தில் துன்பத்தில் கடவுளிடமே நியாயம் கேட்ட யோபு இருக்கிறார், புலம்பல் என்றே ஒரு நூல் இருக்கிறது, சிலுவையிலிருந்து எழுந்த கூக்குரல் இருக்கிறது. நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

இப்போது உங்கள் அண்ணன். அவர்மீது உங்களுக்குச் சலிப்பு வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் இருவரும் பந்தயம் வைத்திருக்கும் தொகை சமமானதில்லை. அவர் சொல்வது தவறு என்றால், உங்கள் பார்வையில் அவர் ஒரு விஷயத்தில் ஏமாந்திருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் சொல்வது தவறு என்றால், அவர் பார்வையில் தங்கை நித்தியத்துக்கும் தொலைந்துபோகிறாள். 'ஆத்தும பாரம்' என்று உங்கள் சபையில் சொல்வார்களே, அந்தப் பாரத்தோடுதான் அவர் வீடியோ அனுப்புகிறார். பதறுகிற ஒருவரால் நிதானமாகக் கேட்க முடியாது. அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ எனக்காகப் பயப்படுகிற நேரத்தில் நான் சொல்வது உன் காதில் விழவில்லை." பேதுருவின் முதல் நிருபத்தில் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். நம்பிக்கையைக்குறித்து 'விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்' உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. அதையும் 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' சொல்லச் சொல்கிறது. நீங்கள் விசாரித்துக் கேட்ட நாளில் அவர் சொல்லட்டும். வீடியோவுக்கு அந்த வசனத்தில் இடமில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். அவர்களுடைய மதத்தைப் பற்றி வெளியிலிருந்து வரும் பேச்சு எல்லாமே உண்மையைத் தேடி வருவதில்லை. விரட்டுவதற்காக வருவதும் உண்டு. நீங்கள் கேட்கும் நேர்மையான கேள்வி அந்தக் குரல்களோடு சேர்ந்துதான் அவர்கள் காதில் விழும். கேள்வியை விழுங்கிவிடச் சொல்லவில்லை. எந்த இடத்தில், யார் முன்னால் கேட்கிறோம் என்று பாருங்கள்.

பேச முடியுமா என்று கேட்டீர்கள். முடிந்திருக்கிறது. மிலான் பேராயராக இருந்த கர்தினால் மார்த்தினி 1987இல் 'நம்பாதவர்களின் இருக்கை' என்று ஒரு கூட்டத் தொடரைத் தொடங்கினார். நம்பாதவர்கள் பேச, நம்புகிறவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். நம் ஒவ்வொருவருக்குள்ளும் நம்புகிறவர் ஒருவரும் நம்பாதவர் ஒருவரும் இருந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். பிறகு 1995 தொடங்கி அவரும் எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோவும் ஓர் இத்தாலியப் பத்திரிகையில் மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள். மேலே ஒருவர் இல்லாமல் உங்கள் அறம் எதன்மேல் நிற்கிறது என்று கர்தினால் கேட்டார். எக்கோ உடலிலிருந்து தொடங்கினார்: நமக்கு வலிப்பது பிறருக்கும் வலிக்கும் என்ற அறிவிலிருந்து. கடைசியில் கர்தினாலிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். கடவுளே இல்லை என்று ஒரு கணம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்த எளிய மனித இனம் கிறிஸ்துவின் கதையை, அந்த அன்பை, மன்னிப்பைக் கற்பனை செய்திருக்கிறது என்றால் அதுவே எவ்வளவு பெரிய அதிசயம். இவ்வளவு மரியாதையான நாத்திக வாக்கியத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனால் அவர்கள் தாயும் மகளும் இல்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவரவர் வீட்டில் தூங்கினார்கள். உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

அம்மாவிடம் சான்றுகளைப் பேசாதீர்கள். பொய்யிலா வாழ்ந்தேன் என்று கேட்டாரே, அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லுங்கள். "நீங்கள் எனக்காக முழங்காலில் நின்றது பொய்யில்லை அம்மா, அதில்தான் நான் வளர்ந்தேன். நீங்கள் நம்புவதை என்னால் இப்போது நம்ப முடியவில்லை" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் ஏமாற்று, இரண்டாவதை மட்டும் சொன்னால் கொடுமை. அவர் அழலாம். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் நோயாளிப் பிள்ளையின் தகப்பன் அழுதுகொண்டே கேட்பதை அவர் படித்திருப்பார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவிசுவாசம் என்ற சொல்லை அங்கே ஒரு தகப்பன் தன்னைப் பற்றித்தான் சொல்கிறான். யாரும் அவனை அடித்துத் துரத்தவில்லை.

திருவிருந்து எடுக்காதீர்கள். அம்மாவுக்காகவும் எடுக்காதீர்கள். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், பங்கெடுப்பதைப் பற்றி பவுல் எழுதியிருப்பதை உபதேசியார் பேத்திக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு அது அப்பமும் திராட்சரசமும்தான். அம்மாவுக்கு அப்படியில்லை என்பதனாலேயே அதில் நீங்கள் நடிக்கக் கூடாது. கோயிலுக்குப் போங்கள், அவர் பக்கத்தில் உட்காருங்கள், பிடித்த கீர்த்தனையைச் சத்தமாகப் பாடுங்கள். அவர் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவருடைய வேதாகமத்தையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஊர் கேட்கத்தான் செய்யும். இரண்டு ஞாயிறு கேட்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை "கோயிலுக்குப் போனாயா?" என்று அம்மா கேட்டால், போகவில்லை என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "இன்றைக்குச் சபை ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார்?" என்று கேளுங்கள். அவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிற ஞாயிறாகப் பார்த்துக் கேளுங்கள்.