"அந்தக் கையைத் திற!" என்கிறார்கள்... என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 23. ஒரு ஜவுளிக்கடையில் பில் கவுன்ட்டரில் வேலை. இரண்டு வருடமாக யூடியூப் பார்த்துக் காசு வித்தை பழகுகிறேன். பிரெஞ்ச் டிராப் (காசை அடுத்த கைக்கு மாற்றுவதுபோல் காட்டி மறைப்பது), கிளாசிக் பாம் (உள்ளங்கைக்குள் பிடித்து ஒளிப்பது), ஃபிங்கர் பாம் (மடங்கிய விரல்களுக்குள் ஒளிப்பது) எல்லாம் கண்ணாடி முன்னால் சுத்தமாக வருகிறது. ஆனால் நண்பர்கள் முன்னால் காசை மறைத்தால், உடனே "அந்தக் கையைத் திற" என்கிறார்கள். உள்ளங்கைத் தசையால் காசைத் துள்ளவைக்கும் மசில் பாஸ் மாதிரி அட்வான்ஸ்டு மூவ் கற்றுக்கொண்டால் சரியாகுமா? என் கை சின்னது, வியர்க்கவும் செய்யும். எந்தக் காசு வைத்துப் பழகலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, மசில் பாஸ் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கற்ற பிறகும் உங்கள் நண்பர்கள் "அந்தக் கையைத் திற" என்றுதான் சொல்வார்கள். காசு ஒளிந்திருப்பதை அவர்கள் பார்த்துவிடவில்லை. வலது கையில் சும்மா இருந்த காசை நீங்கள் எதற்காக இடது கைக்கு மாற்றினீர்கள் என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. காரணமில்லாமல் ஒரு கை அசைந்தால், பார்ப்பவர் மனம் அந்தக் கையை விடாது.

இதற்கான பள்ளிக்கூடம் உங்கள் கவுன்ட்டரிலேயே இருக்கிறது. ஒரு வாரம் வித்தையை மூட்டை கட்டிவைத்துவிட்டு, மீதிச் சில்லறை வாங்குகிறவர்களின் கைகளை மட்டும் பாருங்கள். வலது கையில் காசை வாங்கும் அம்மா அதை எப்போது இடது கைக்கு மாற்றுகிறார்? கட்டைப்பையைத் தூக்க வலது கை தேவைப்படும்போது. மாற்றும்போது காசையா பார்க்கிறார்? இல்லை, பையைத்தான் பார்க்கிறார். காசு போன இடது கையை இறுக்கிப் பிடிக்கிறாரா? அதுவும் இல்லை. விரல்கள் லேசாக மடங்கி, உள்ளே ஒரு காசுக்கான இடம் இருக்கிறது. காசைக் கொடுத்த வலது கை விறைத்து நிற்பதில்லை. தன் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

இனி அதே காரணத்தை உங்கள் கைக்குக் கொடுங்கள். மேஜையில் வலது பக்கம் ஒரு பேனா கிடக்கட்டும். காசை வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் பிடித்து, இடது உள்ளங்கையில் வையுங்கள். முதல் 20 தடவை நிஜமாகவே வைத்துவிட்டு, வலது கையால் பேனாவை எடுத்து இடது கையைத் தட்டுங்கள். உங்கள் தோள், கண், மூச்சு எல்லாம் எங்கே இருந்தன என்று கவனியுங்கள். 21-வது தடவை மட்டும் வைக்காதீர்கள். இடது விரல்கள் காசின் மேல் மடங்கி அதை மறைக்கும் அந்த நொடியில், வலது கட்டைவிரலால் காசைப் பின்னுக்கு இழுத்து வலது விரல்களுக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாகக் காசு பளிச்சிட்ட இடம் இடது உள்ளங்கை என்பதால், பார்ப்பவர் கண்ணில் அது அங்கேயே தங்கிவிடும். ரிட்டென்ஷன் வேனிஷ் என்பது இதைத்தான். வலது கை பேனாவைப் பிடித்திருப்பதால் விரல்கள் மடங்கியிருப்பதும் இயல்பாகத் தெரியும். உள்ளே காசு சுகமாக உட்கார்ந்திருக்கும்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ச் சந்தையில் செப்படி வித்தை செய்கிறவர் ஒருவர் வருவார். தரையில் மூன்று செப்புகளைக் கவிழ்த்து, நொடிக்கொரு தரம் பக்கத்திலிருக்கும் குச்சியை எடுத்துத் தட்டுவார், மறுபடி வைப்பார். அந்தக் குச்சியில்தான் மந்திரம் இருக்கிறது என்று நான் நம்பினேன். அவர் கைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வேலை கொடுத்தது அந்தக் குச்சி என்பது, நானே காசைக் கையில் எடுத்துப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. இப்போது நினைத்தாலும் அவர் முன்னால் கைகூப்பி நிற்கத் தோன்றுகிறது.

கண்ணாடியை நம்பாதீர்கள். காசைத் திருடும் நொடியில் நாமே கண் சிமிட்டிவிடுவோம்; நம் தவறை நம்மிடமிருந்தே மறைக்கும் பழக்கம் அது. போனை எதிரில் இருப்பவரின் கண் உயரத்தில் சாய்த்துவைத்து வீடியோ எடுங்கள். அதைச் சத்தம் இல்லாமல் ஒரு தடவை, சத்தத்தோடு ஒரு தடவை பாருங்கள். இரண்டு காசுகளை ஒரே கையில் ஒளித்தால் அவை உரசிக் 'கிளிங்' என்று பேசிவிடும். நேரில் உங்களுக்குக் கேட்காத அந்தச் சத்தம் போனில் கேட்கும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். மேல்நாட்டு வீடியோக்களில் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்க அரை டாலர்: 30.6 மி.மீ. அகலம், 11.34 கிராம். நம்மூரில் பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம்; அகலமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் இன்றைய வெள்ளி விலைக்கு அதைத் தரையில் போட்டுப் பழக முடியாது. உங்கள் கைக்குப் பழைய பெரிய ஒரு ரூபாய் போதும். 1962 முதல் 1974 வரை அடித்த நிக்கல் ரூபாய் 28 மி.மீ., 10 கிராம். விளிம்பில் வரிகள் இருப்பதால் பிடிமானம் கிடைக்கும். பாட்டி வீட்டு உண்டியலில் தேடுங்கள், ஒரே மாதிரி நான்கைந்து சேருங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் நாணயம் (27 மி.மீ.) இருக்கவே இருக்கிறது. இப்போதைய ஒரு ரூபாய் கிளாசிக் பாமுக்கு ரொம்பச் சின்னது.

வியர்வையைப் பற்றிக் கவலையே வேண்டாம். கிளாசிக் பாமில் காசு நழுவுவது காய்ந்த கையில்தான். உள்ளங்கையில் காசை வைத்துக்கொண்டே பல் தேயுங்கள், டீ குடியுங்கள், குழாயைத் திறந்து மூடுங்கள். கட்டைவிரல் வெளியே துருத்திக்கொண்டு நண்டுக் கொடுக்கு மாதிரி நிற்காத நாளில்தான் அது வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மசில் பாஸுக்குத் தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கட்டைவிரல் மேட்டின் தசையை அழுத்திக் காசைத் துள்ளவைக்கும் வேலை அது. மாதக்கணக்கில் ஆகும், தோல் கன்றும். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அந்தக் கையால்தான் நீங்கள் நாள் முழுக்க பில் போட வேண்டும். காற்றிலிருந்து காசு பறித்து உலகப் புகழ் பெற்ற டி. நெல்சன் டவுன்ஸ் அமெரிக்காவின் அயோவாவில் ரயில்வே தந்தி ஆபரேட்டராக இருந்தவர். 1899-இல் லண்டன் பேலஸ் தியேட்டர் மேடை ஏறினார். கவுன்ட்டர் வேலை இதற்குத் தடை என்று எண்ண வேண்டாம். அடுத்த படிக்கு ஜே. பி. போபோ 1952-இல் வெளியிட்ட 'மாடர்ன் காயின் மேஜிக்' ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி, மாதத்துக்கு ஒரு மூவ் என்று போங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய சில்லறையை வைத்து வித்தை காட்டாதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். காசைத் திருப்பிக் கொடுத்தாலும், அவர் மனதில் விழுந்த சந்தேகத்தைத் திருப்பி வாங்க முடியாது.

அந்தப் பழைய நண்பர்களிடம் மூன்று மாதத்துக்கு எதையும் காட்டாதீர்கள், அவர்கள் உங்கள் கையைத் தேடியே பழகிவிட்டார்கள். கடை சாத்திய பிறகு, உங்களோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் பேனாவையும் காசையும் எடுங்கள். ஒரே ஒரு தடவை செய்யுங்கள். "இன்னொரு வாட்டி" என்று அவர் கேட்பார். சிரித்துக்கொண்டே காசைப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.